கப்போ வைத்தியர்

முதலில் மேல்துண்டை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றுவார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்ப மாட்டிக்கொள்வார். எஞ்சினிலிருந்து ஆயில் குச்சியை உருவி, பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டைக்கு மிக அருகில் ஒரு தரம் உதறி, மூக்கடியில் கொண்டுபோய், கண்ணை மூடி, ஜவ்வாது வாங்க வந்தவர் மாதிரி முகர்ந்து பார்ப்பார். முகர்ந்ததும் சொல்லிவிடுவாரா? மாட்டார். ‘ம்’ என்பார். அந்த ஒற்றை ‘ம்’மில் வண்டிக்காரன் மடியிலிருக்கும் காசை எண்ணத் தொடங்கிவிடுவான்.

இவர்தான், வாசகரே, கப்போ வைத்தியர். எஞ்சினை மூடியிருக்கும் தகட்டுக்கு ஊர் உலகமெல்லாம் பானட் என்று பெயர்; புதுச்சேரியில் மட்டும், பிரெஞ்சுக்காரர் போய்விட்ட பிறகும், அது கப்போ. நடுத்தெருவில் ஒரு கப்போ திறந்தால் இவர் முளைப்பார். எங்கிருந்து? அது யாருக்கும் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையைக்கூடக் கழுவாமல் வருவார். வந்ததும் அவர் கேட்கிற கேள்விகள் இரண்டே இரண்டு. “எப்பலேர்ந்து?” என்பது முதல் கேள்வி. “இதுக்கு முன்னாடி யாரு பாத்தா?” என்பது அடுத்தது. நீங்கள் எந்த மெக்கானிக்கின் பெயரைச் சொன்னாலும் சரி, “அவனா?” என்று சொல்லி ஒரு சிரிப்பு சிரிப்பார். அத்தோடு அந்த மெக்கானிக்கின் பிழைப்பு முடிந்தது.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் நூல்கடைக் கலியபெருமாள். மோட்டார் என்ன, சைக்கிள்கூடச் சொந்தமாக வைத்துக்கொண்டதில்லை. ஆனாலும் எந்தப் பேச்சையும் “நான் சைகோன்ல இருந்தப்ப” என்றுதான் தொடங்குவார். இருந்தது உண்மைதான். பதினோரு மாதம், ஒரு துணிக்கடையில், இரண்டாவது மாடியில். கீழே போகிற மோட்டார்களை ஜன்னல் வழியாக நிறையப் பார்த்திருக்கிறார். அங்கிருந்து அவர் கொண்டுவந்த பிரெஞ்சு, கப்போ, எஞ்சினுக்கு மொத்தேர், நன்றிக்கு மெர்சி ஆகிய மூன்று சொற்கள். தெருவுக்கு அது தாராளம்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழ்ப்போர்ஷன் ஆதிமூலம் பெண் பார்க்கக் கிளம்புகிறார். வயது முப்பத்து நாலு; சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். ஊரை விட்டுப் போன ஒரு பிரெஞ்சு துரையிடம் வாங்கிய பழைய பெழோ காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். இதற்கு முன் நாலு வீட்டில் ‘டிரைவர்தானே’ என்று கையை விரித்துவிட்டார்கள். ஐந்தாவதாக ரெட்டியார்பாளையத்துத் தணிகாசலம்தான், “சொந்த வண்டியா? அப்ப அந்த வண்டியிலயே வரச் சொல்லுங்க, பாப்போம்” என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். ஆக, மாப்பிள்ளை போனால் போதாது. வண்டியும் போயாக வேண்டும். பன்னிரண்டுக்கு எமகண்டம், அதற்குள் போயாக வேண்டும். ஆதிமூலம், தங்கை கமலா, கமலாவின் புருஷன் என்று மூன்று பேராகப் போகக் கூடாதே என்று, மாடி அறையில் குடியிருந்த என்னையும் நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். நான் வாய் திறக்க வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும் என்றார்கள். எனக்கு ஏற்ற வேலை.

வண்டிக்குப் பத்து நாளாக ஒரு விசித்திரமான சீக்கு. காலையில் ரேடியேட்டரில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் சாயங்காலம் அது காலி. அடியில் தரையைத் தடவிப் பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது? அன்றைக்கு ஆதிமூலம் சில்க் ஜிப்பா போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்ப, பின்னாலிருந்து இட்லிப் பானையைத் திறந்த மாதிரி வெள்ளை வெளேரென்று புகை. இறங்கிக் கப்போவைத் திறந்தார். கலியபெருமாள் முளைத்தார்.

துண்டு தோள் மாறியது. கண்ணாடி கழன்று ஏறியது. குச்சி வெளியே வந்தது. அதில் ஒட்டியிருந்த ஆயில் கறுப்பாக இல்லை. பால் தாராளமாக விட்ட காப்பி நிறத்தில், நுரைத்துக்கொண்டு இருந்தது. கலியபெருமாள் முகர்ந்தார். ‘ம்’ என்றார்.

“வெண்ணெ, தம்பி. ஆயிலு இந்தப் பதத்துக்கு வர்றது லேசில்ல. மொத்தேர் நல்லா கடைஞ்சிருக்கு.”

தெருவே எட்டி எட்டி அந்த வெண்ணெயை மரியாதையோடு பார்த்தது. நானும் பார்த்தேன்.

தண்ணீர் காணாமல் போகிறதே என்று ஆதிமூலம் இழுத்தார். கலியபெருமாள் தரையில் படுத்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டு, வெகு நேரம் கழித்து வெளியே வந்தார்.

“ஒழுவல. ஒழுவலைன்னா குடிக்குதுன்னு அர்த்தம். நீ எந்தத் தண்ணி ஊத்தற?”

“கெணத்துத் தண்ணிதாண்ணே.”

“அதான். தொர வூட்டு வண்டி இது. முத்திரப்பாளையத்துத் தண்ணி குடிச்சு வளந்தது. இதுக்குக் கெணத்து உப்புத் தண்ணிய ஊத்தினா ஆவியாத் துப்பாம வேற என்னா பண்ணும்?”

சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு அத்தாட்சி கிடையாது. முத்திரப்பாளையத்து ஊற்றிலிருந்து தெருக்குழாயில் வரும் தண்ணீர் என்றால் காய்ச்சல்காரனே எழுந்து உட்காருவான், கார் எழுந்து ஓடாதா? கமலாவின் புருஷன் குடத்தை எடுத்துக்கொண்டு முனைக் குழாய்க்கு ஓடினார். அரைமணி நேரம் வரிசையில் நின்றார்.

“மாமன் தண்ணி மொண்டுனு வரட்டும், மாப்பிள்ளைக்கு வயசு இங்கயே ஏறிக்கினு இருக்கு” என்றாள் கமலா, யாரையும் பார்க்காமல்.

புதுத் தண்ணீரை ஊற்றி எஞ்சினைக் கிளப்பியதும் ரேடியேட்டர் வாயில் குமிழ் குமிழாகக் கொப்பளித்தது. பாத்தியா, ஒத்துக்கிச்சு என்றார் வைத்தியர். புகை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. முன்னைவிட அதிகமாக வந்தது.

அந்தப் புகைக்குள்ளிருந்துதான், காலைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த முசே கஸ்பார் வெளிப்பட்டார். முசே என்றால் ‘ஐயா’; இவர் பிரெஞ்சு ரத்தம் கலந்த சட்டைக்காரர். வெளிநாட்டில் எங்கோ பிரெஞ்சு ரயில் பட்டறையில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் நாலு வார்த்தை: வாங்க, போங்க, மீன், போதும். மனிதர் தொப்பியைக் கழற்றினார். வண்டிக்குப் பின்னால் குனிந்து புகையில் உள்ளங்கையைக் காட்டி, நனைந்த கையை எங்களுக்கு விரித்துக் காட்டினார். முன்னால் வந்து ஆயில் குச்சியைத் தொட்டுப் பார்த்தார். ரேடியேட்டரிலிருந்து எஞ்சின் வரைக்கும் காற்றில் விரலால் ஒரு கோடு இழுத்து, எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்து, பொறுமையாகச் சொன்னார்: “லோ.” நாங்கள் விழிப்பதைக் கண்டு இன்னும் நிதானமாக, “தெ லோ. லோ.”

தெரு கலியபெருமாள் பக்கம் திரும்பியது. பிரெஞ்சு படித்த குடும்பத்துக்காரர்கள் அத்தனை பேரும் அந்த நேரம் பூசையிலோ மீன்கடையிலோ இருந்தார்கள். சைகோன்காரர்தான் அர்த்தம் சொல்ல வேண்டும். துண்டு வலது தோளிலிருந்து இடது தோளுக்குப் போனது. திரும்ப வலது தோளுக்கு வந்தது. ‘ம்’ கூட வரவில்லை.

வாசகரே, அப்படி ஒரு மௌனத்தை நீங்கள் அனுபவித்திருக்கிறீர்களா? இருபது பேர் நிற்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்த மாதிரி இருக்கிறது. நான் அந்தத் தெருவுக்கு வந்து மூன்று வருஷம். ‘ஆமாம்’, ‘இல்லை’ தவிர அங்கே ஒன்றும் பேசியவனில்லை. கவிதைப் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவன். ஆனால் நான் கடலூர்க்காரன். இங்கிலீஷ் படித்தவன்.

“லோன்னா, குறைச்சல்னு அர்த்தம்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “ஆயில் கம்மியா இருக்குங்கறார்.”

“அதான். நான் சொல்ல வாயெடுத்தேன், தம்பி முந்திக்கிச்சு” என்றார் கலியபெருமாள்.

ஆயில் டின் வந்தது. முதல் டின்னைக் கவிழ்த்தபோது முசே கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது டின் பாதியில் இருந்தபோது இரண்டு கையையும் தூக்கி, “போதும், போதும்” என்றார். சரியான அளவு என்று நிறுத்திக்கொண்டோம். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வண்டி புறப்பட்டது. கலியபெருமாளும் ஏறிக்கொண்டார், சீக்காளியை விட்டு வைத்தியர் இறங்குவாரா? நான் பின்சீட்டில், வாழ்நாளில் முதல் முறையாக நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் வெள்ளைப் புகை எங்கள் பின்னாலேயே வந்தது. ரெட்டியார்பாளையத்தில், பெண் வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், எஞ்சின் ஒரு முறை கனைத்துவிட்டு நின்றது. தள்ளினோம். மாப்பிள்ளை ஜிப்பாவின் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாகத் தள்ளினார். கலியபெருமாள் முன்னால் நடந்து வழிகாட்டினார்.

மணி பதினொன்றே முக்கால். வாசலில் பெண்ணின் அப்பா தணிகாசலம் நின்றிருந்தார். மாப்பிள்ளை கும்பிட்டார்; அவர் பார்க்கவில்லை. அவர் கண் வண்டிமேல் இருந்தது. மெல்ல மேல்துண்டை எடுத்து இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார்.

நான் கமலாவின் புருஷனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கப்போ திறந்தது. குச்சி வந்தது. முகர்ந்தார். ‘ம்’ என்றார். எப்போதிலிருந்து என்று விசாரித்தார். முன்னாடி யார் பார்த்தது என்றதற்கு, நான்தான் என்று கலியபெருமாள் பெருமையாகச் சொல்ல, “நீங்களா?” என்று கேட்டுவிட்டு, அந்தச் சிரிப்பைச் சிரித்தார். அப்புறம் இரண்டு பேர் தலையும் கப்போவுக்குள் போனது. எமகண்டம் தொடங்கியதுகூட இரண்டு தலைக்கும் தெரியவில்லை.

பெண் தனக்கொடி காப்பித் தட்டோடு நடையில் வெகு நேரம் நின்றாள். காப்பி ஆறியது. கடைசியில் அவளே வாசலுக்கு வந்தாள்.

“ஏம்பா, நான் கட்டிக்கப் போறது வண்டியையா?”

ஆதிமூலம் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். முகமெல்லாம் ஆயில்; பல் மட்டும் தெரிந்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

வண்டி கிளம்பினால் பேசிக்கொள்ளலாம் என்று தணிகாசலம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வண்டி கிளம்புமா? பதினெட்டு நாள் அவர் வீட்டு வாசலிலேயே கிடந்தது. ஆதிமூலம் தினம் வண்டியைப் பார்க்க வந்தார். தினம் காப்பி வந்தது, சூடாக. பத்தொன்பதாம் நாள் உண்மையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, அவர் குச்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே தண்ணீரையும் ஆயிலையும் பிரிக்கிற கேஸ்கட் போய், தண்ணீர் ஆயிலில் கலக்கிறது என்றார். தெருவிலேயே நிறுத்தியிருந்தால் கேஸ்கட்டோடு போயிருக்கும். ஓட்டிக்கொண்டு வந்ததில் எஞ்சின் தலையே வளைந்துவிட்டதாம்.

“இதுல ஆயில ஊத்தி ஓட்டச் சொன்ன மேதாவி யாருங்க?”

முசேதான் சொன்னார் என்றார் கலியபெருமாள். நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் தையில் நடந்தது. மாப்பிள்ளை, ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டியில் வந்து இறங்கினார். தனக்கொடிக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

கலியபெருமாளைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே, வாசகரே, உங்களுக்குக் கார் இல்லை, கப்போவைத் தொட்டதே இல்லை, அதனால் தப்பித்தோம் என்றுதானே? நாலு பேர் பேசாமல் நிற்கிற இடத்தில் உங்கள் நாக்கு நுனி என்றைக்காவது அரித்திருந்தால், ஒரு தரம் தோளைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். துண்டு எந்தப் பக்கம் இருக்கிறது?

நானும் தடவிப் பார்த்துக்கொண்டவன்தான்; ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக் கவிதைகளை மூலத்திலேயே படித்துவிட வேண்டும் என்ற ஆசையில் போன வருஷம் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். குழந்தைகளுக்கான பாடப் புத்தகம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கூஜா சாய்ந்திருந்தது. அதிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்ததற்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சொல். வாத்தியார் அதைக் குச்சியால் தொட்டு உரக்கப் படித்தார்.

“லோ. அதாவது, தண்ணீர்.”