ஏட்டையா விசாரித்த அமெரிக்கக் கேஸ்

தென்காசியில் ஏட்டையா சந்தேகப்படாத ஜீவன் கிடையாது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால்கூட, "மேல எவனோ தண்ணியத் திறந்து விடுதான்" என்று அண்ணாந்து பார்ப்பார். வெள்ளைக்காரன் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்; சந்தேகத்துக்குத்தான் ஓய்வில்லை.

அந்த ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். வடகரையிலிருந்த தங்கை தன் மகனுக்குப் பெண் கேட்டிருந்தாள். "சொத்துக்காகத்தான் கேக்கா" என்று சந்தேகப்பட்டு, அசலில் சம்பந்தம் பேசிவிட்டார். அப்படி உறவுக்கு வெளியே கொடுத்தால், முறை மாப்பிள்ளைக்கு வெற்றிலை பாக்கும் வேட்டியும் வைத்துச் சம்மதம் கேட்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதையும் செய்யவில்லை. தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். மகளோ, "அத்தை வராம மணையில உக்கார மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றாள்.

நான் அடுத்த வீட்டுப் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு சாயங்காலம் தடிமனான அமெரிக்க நாவலோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மோப்பம் பிடித்து வந்துவிட்டார்.

"என்னவே, தடை போட்ட புஸ்தகமா?"

"வெறும் கதை ஏட்டையா."

"அப்பம் சொல்லும், கேப்போம்."

சொன்னேன். ஒரு பண்ணைக்காரன், அவன் மனைவி. விருந்துக்கு வந்த சிநேகிதன் திரும்பிப் போவதாக இல்லை. புருஷன் முறைக்கிறான், சிநேகிதன் உருகுகிறான், அவள் அழுகிறாள். ஏட்டையா மீசையைத் தடவினார்.

"இதெல்லாம் கெடக்கட்டும். அந்தப் புள்ளைக்கு அத்தை மகன் எங்கவே?"

"அங்கே அந்த வழக்கமெல்லாம் கிடையாது."

"அத்தை இல்லாத ஊரு உண்டுமா? எழுதினவன் மறைக்கான். அந்த அத்தை மகனப் பிடிச்சா கேஸ் முடிஞ்சுது."

கதை முடிகிற வரை தினமும் விசாரணை நடந்தது. கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் இருவரையும் உதறிவிட்டு, கொட்டும் பனியில் தன்னந்தனியாக நடந்து போனாள்.

"போய்த் தட்டுறதுக்கு ஒரு அத்தை வீடு கூடவா இல்ல?"

"இல்லை."

"நல்லாப் பாரும்வே. தாளு ஒட்டிக்கிட்டிருக்கும்."

இங்கிலீஷ் ஓரெழுத்தும் தெரியாத மனிதர், புத்தகத்தைப் பிடுங்கிக் கடைசித் தாளை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் வெற்றிலை பாக்கும் வேட்டியும் வைத்த தாம்பாளத்தோடு வண்டி ஏறினார். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். வடகரையில் தங்கை வாசலை மறித்து நின்றாள்.

"இப்பம் யாருமேல சந்தேகம்னு வந்திருக்கிய அண்ணே?"

ஏட்டையா தாம்பாளத்தை நீட்டினார்.

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எம் புள்ள தட்டுறதுக்கு ஒரு கதவு வேணும், தாயி."

தங்கை உடைந்து அழுதாள். அவள் மகன் முன்னால் வந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டான்.

கல்யாணத்தில் அத்தைதான் பெண்ணைக் கைபிடித்து மணைக்கு அழைத்து வந்தாள். ஏட்டையாவின் கண்களிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஓமப் புகைவே" என்றார். அக்கினியே இன்னும் வளர்க்கவில்லை. நானும் நம்பிவிட்டேன்.