காலஞ்சென்றவரின் முதல் கேசட்

இனிமேல் தனியாகத்தான் பாடுவேன் என்று சபதம் செய்தேன். திண்டிவனம் 'இடிமின்னல் பாய்ஸ்' ராக் குழுவில் முன்னால் நின்று பாடியவன் நான், வேங்கடேசன். டிரம் அடிக்கும் நடராசனோடு தகராறு.

"உன் தனிக் கேசட்டு விக்கலேன்னா என் டிரம்மைத் தூக்கிக்கினு பின்னால வரணும், சரியா?" என்றான்.

"சரிடா!" என்று விட்டேன். நாக்கில் சனி.

துபாயிலிருந்து வந்த காஜா மொய்தீனின் டேப்ரிக்கார்டரை இரவல் வாங்கி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கத்தித் தீர்த்தேன். விழுப்புரத்துக் கேசட் கடைக்காரர் என் படம் போட்டு அடுக்கி வைத்தார். அடுக்கியது அடுக்கியபடியே இருந்தது. ஒரே ஒரு ஈ வந்து உட்கார்ந்ததாம். அதுவும் வாங்கவில்லை.

இந்த லட்சணத்தில் ஒரு காலை வாசலில் நின்ற என் தலையில் காக்கை ஓங்கி அடித்துவிட்டுப் போனது. என் மனைவி தையல்நாயகி வெளிறிப் போனாள்.

"ஏங்க, இது சாவுக் குறிங்க! நீங்க செத்துட்டதா சேதி அனுப்பணும். யாராச்சும் அழுதுட்டா கண்டம் கழிஞ்சுடும்."

"எனக்காக யாருடி அழுவா?"

"பிரம்மதேசத்துல எங்க சித்தி இருக்காங்க. மறுநாள் உண்மையச் சொல்லிக்கலாம்."

சித்தி அழுதாள். மறுநாள் திட்டினாள். கண்டம் கழிந்தது என்று நிம்மதியானேன்.

அடுத்த வாரம் விழுப்புரம் போனேன். கடை வாசலில் கூட்டம். ஆனால் பேச்சில்லை. ஒலிபெருக்கியில் என் குரல். உள்ளே என் படத்துக்கு மாலை, ஊதுபத்திப் புகை. பாட்டு முடிந்து டேப் வெறுமனே உஸ்ஸென்று ஓடியது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். இரண்டடி பின்வாங்கினார். ஒருத்தி குழந்தையின் கண்ணை முந்தானையால் மூடினாள்.

"நான்தாங்க..." என்றேன்.

அதே நொடியில் அடுத்த பாட்டு தொடங்கி, அதே குரல் ஒலிபெருக்கியிலும் எழுந்தது. கூட்டம் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிழல் விழுகிறதா என்று குனிந்து பார்த்தேன். உச்சி வெயில், சரியாகத் தெரியவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இடம் திண்டிவனம் வரை காலியாகவே வந்தது.

"ஏண்டி, கடைக்காரருக்கு யாருடி சேதி சொன்னது?"

"நான்தாங்க. காஜா பாயிகிட்ட சொல்லி அனுப்பினேன்."

"உண்மையச் சொல்லலையா?"

"சித்திக்குச் சொன்னேனே! கடைக்காரரு என்னா, நமக்குச் சொந்தமா?"

"பேஜாரு பண்ணிட்டியேடி!"

"கேசட்டு மொத்தமும் வித்துப் போச்சாம்."

எனக்கு மார்பு விம்மியது. ஜெயித்துவிட்டேன்!

"நடராசன்கிட்ட இப்பவே போய்ச் சொல்றேன்!"

"சொல்லுங்க. அவரு வாயால நீங்க உயிரோட இருக்கறது விழுப்புரத்துக்கும் தெரிஞ்சுடும். வாங்கினவன்லாம் திருப்பிக் குடுத்துடுவான். அப்புறம் டிரம்மைத் தூக்குங்க."

வாசல்படி வரை போனவன் திரும்பி வந்தேன்.

"கடைக்காரரு ரெண்டாவது கேசட்டு கேக்குறாரு. பெட்டியில கெடந்த பழைய டேப்புன்னு சொல்லிக்கலாம். ஜல்தியா உள்ள போய்ப் பாடுங்க."

"உயிரோட இருக்கற மனுஷன்டி நான்!"

"உயிரோட இருந்தப்பதான் ஒருத்தரும் வாங்கலையே!"