மல்லிகைத் திட்டமும் ஏழு பலகைகளும்

பதினேழு அரசர்கள் நானூறு ஆண்டுகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு ஓய்ந்த பிறகு, இனி வாளால் சண்டை போடுவதில்லை, வாக்கியங்களால் மட்டுமே போடுவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் மாமண்டலக் கூட்டரசு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. மக்கள் உயிரோடு இருந்தார்கள், வரி கட்டினார்கள். அந்த வரியில் ஒரு பங்கை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கி, அறிஞரும் குடிமக்களும் கூடி அமர்ந்து நாட்டின் குறைகளைத் தீர்ப்பார்கள் என்று செப்பேட்டில் பொறித்தும் வைத்தார்கள். படிக்கும் யாருக்கும் கண்ணில் நீர் வரும். எனக்கும் வந்தது.

கூட்டரசின் தெற்கு மூலையில் தாழைமேடு என்று ஓர் ஊர். மூன்று பக்கம் பாறை, நாலாவது பக்கம் படகு தாங்காத வேகத்தில் ஓடும் ஆறு. சந்தை, உப்புக்கடை, மருத்துவச்சி எல்லாம் அக்கரையில். இடையே ஒரு மரப்பாலம். அதன் நடுவில் அடுத்தடுத்து ஏழு பலகைகள் உளுத்து விழுந்துவிட்டன. இளவட்டங்கள் உத்திரத்தில் கால் வைத்துத் தாவிவிடுவார்கள். மற்றவர்களுக்காக ஊரார் ஒரு பனைமரத்தை வெட்டி இடைவெளியில் கிடத்திக் கயிறும் கட்டியிருந்தார்கள்.

மரம் அறுக்கும் வெள்ளைத்தாயிக்கு அது போதவில்லை. மருமகன் எல்லைக் காவலுக்குப் போயிருந்ததால் மகள் மரகதம் தாய்வீட்டில் இருந்தாள். மூன்று மாதக் கர்ப்பம், தலைப்பிரசவம். அக்கரை மருத்துவச்சி பிச்சம்மாவுக்குக் கனத்த உடம்பு, முழங்கால் வலி வேறு. பனைமரத்தில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்துதான் அவள் இக்கரை வந்து சேர வேண்டும். பிரசவமோ மழைக்காலத்தில். அரசுப் பாலத்தில் அரசு கொடுத்த பலகையைத்தான் அடிக்கலாம் என்பது சட்டம். வெள்ளைத்தாயி தலைநகருக்கு மனு அனுப்பினாள்: ஏழு பலகையும் ஒரு படி ஆணியும் கொடுத்தால் போதும், அடிப்பதை நானே அடித்துக்கொள்கிறேன்.

ஒரு மாதம் கழித்துப் பல்லக்கில் அக்கரை வந்து இறங்கினார் தலைமை ஒருங்கிணைப்பாளர் கோதண்டபாணியார். பாலத்தைப் பார்த்தார். மனுவைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"அம்மணி, பலகை என்பது பொருள். நாம் ஆராய வேண்டியதோ பலகையின்மை. அது ஒரு நிலை. நிலையை ஆணியால் அடிக்க முடியாது."

"அப்ப எதால அடிக்கிறதுங்க?"

"கலந்துரையாடலால்" என்றார் அவர்.

சட்டப்படி எந்த ஆராய்ச்சிக்கும் மூன்று நாடுகள் கூட்டாளிகளாக இருக்க வேண்டும். ஆறு உள்ள நாட்டார் பாலங்களைப் பற்றி முன்முடிவுகளோடு வருவார்கள் என்பதால் ஆறே இல்லாத மணல்நாட்டிலிருந்து பேரறிஞர் வித்யாசாகரர் வரவழைக்கப்பட்டார். மலைநாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்கள் ஏன் வந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை, ஆனால் கணக்குக்கு மூன்று ஆயிற்று. மரகதத்தின் ஐந்தாம் மாதம் முழுவதும் பெயர் சூட்டுவதில் போனது. திட்டத்தின் நீண்ட பெயரில் உள்ள முதலெழுத்துகளைக் கோத்தால் காதுக்கு இனிய ஒரு சொல் வரவேண்டும் என்பது விதி. பதினேழு மொழிகளிலும் உருட்டிப் புரட்டி, கடைசியில் 'மல்லிகை' என்று வந்தது. பாலத்துக்கும் மல்லிகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. நான் கேட்டேன், முறைத்தார்கள்.

பாலத்தின் இக்கரைத் தலைமாட்டில் ஒரு பெயர்ப்பலகை நட்டார்கள். நல்ல தேக்கு, ஆள் உயரம், அதில் பதினேழு கொடிகளும் ஒரு மல்லிகைப் பூவும். வெள்ளைத்தாயி அதைத் தட்டிப் பார்த்தாள், சாண் போட்டு அளந்தாள்.

"இத அறுத்தா ஏழு இல்ல, எட்டே வரும்" என்றாள். கோதண்டபாணியாரின் எழுத்தர் கூட வந்த காவலர்களுக்கு அவளை அடையாளம் காட்டி வைத்தார்.

ஆறாம் மாதம் பங்கேற்புப் பெருமன்றம் கூடியது. அறிஞர்களுக்கு நாற்காலி, குடிமக்களுக்குப் பாய். வெள்ளைத்தாயி பாயில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். வித்யாசாகரர் எழுந்து, "பாலம் என்றதும் உங்கள் உள்ளத்தில் என்ன நிறம் தோன்றுகிறது?" என்று கேட்டார். ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பச்சை என்றார். இன்னொருவர், பெரியவர்கள் எந்த நிறம் சொல்கிறார்களோ அந்த நிறம் என்றார். இரண்டும் பதிவாயின.

வெள்ளைத்தாயி பொறுக்கமாட்டாமல் எழுந்தாள். "நெறம் கெடக்கட்டும் சாமி. உத்திரம் கெட்டியா இருக்கு, நான் தட்டிப் பாத்துட்டேன். ஒன்றரைச் சாண் அகலத்துல ஏழு பலகை. ரெண்டு ஆளு, அரை நாள் வேலை. எம்மவளுக்கு இது ஆறாம் மாசம். நீங்க பேசுங்க, வேணாங்கல. பலகையக் குடுத்துட்டுப் பேசுங்க."

மன்றத்தில் சலசலப்பு. கோதண்டபாணியார் கையை உயர்த்தினார். "அம்மணி, உனக்கு விடை தெரிந்திருக்கிறது. பாய் என்பது தெரியாதவர்களுக்கு. தெரிந்தவர் நடுவில் உட்கார்ந்தால் குடிமக்களின் கருத்து களங்கப்படும்."

அவள் எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுத்தர் ஓடி வந்தார். "சான்றிதழ்?"

"இந்த ஊர்ல பாதிப் பேரு நான் அறுத்த கட்டில்லதான் படுத்திருக்கான்."

"கட்டில் சான்றிதழ் ஆகாது. இறங்கு."

பாயிலும் இடமில்லை, நாற்காலியிலும் இடமில்லை. மாலைவரை அவள் நடுவில் நின்றாள். 'மன்றத்தின் நடுவே பெண்ணொருத்தி நின்றாள், காரணம் புலப்படவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். அந்தக் குறிப்பேட்டை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்து மிக அழகு.

ஏழாம் மாதம் வந்த ஆணைதான் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. ஆய்வு முடியும்வரை குறை குறையாகவே இருக்க வேண்டும், குறையைக் குறைப்பது அரசாராய்ச்சியைக் குலைக்கும் குற்றம் என்று முரசறைந்தார்கள். பனைமரம் அகற்றப்பட்டது, கயிறு அவிழ்க்கப்பட்டது. "குடிமக்களின் மரபறிவுக்கு அரிய சான்று" என்று வித்யாசாகரர் அந்தப் பனைமரத்தைத் தடவிக்கொடுத்தார். எண்ணெய் பூசி, பட்டு சுற்றித் தலைநகரக் காட்சிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு காவலர்கள் பாலத்தில் நிறுத்தப்பட்டார்கள். அதோடு ஊரில் வயதானவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் அக்கரை என்பதே இல்லாமல் போனது.

எட்டாம் மாதம் கருத்தோலை. இனிப் பாலத்தில் கால் வைப்பவர் எவரும் புறப்படும்போது ஒன்றும் சேர்ந்தபின் ஒன்றுமாக இரண்டு ஓலைகள் நிரப்ப வேண்டும். 'கடக்குமுன் உங்கள் மனநிலை யாது? கடந்தபின் யாது?' உப்பு வாங்கப் போன சடையன் முதல் ஓலையை நிரப்பிவிட்டுத் தாவினான், கால் வழுக்கி ஆற்றில் விழுந்தான். எழுத்தர் கரையோரமாகவே ஓடி, "கடந்தபின்? கடந்தபின்?" என்று இரண்டு வளைவு தூரம் கத்தினார். சடையன் ஒரு மரவேரைப் பிடித்து, இடுப்பு பிசகிக் கரையேறினான். கடமை தவறாத எழுத்தருக்குப் பாராட்டு ஓலை வந்தது.

ஒன்பதாம் மாதக் கடைசியில் முதற்கட்ட நிறைவு மாநாடு. கோதண்டபாணியார், வித்யாசாகரர், எழுத்தர், கொடி பிடிக்கக் காவலர்கள் உட்பட எல்லாரும் மூன்று நாள் பயணமாகத் தலைநகர் போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வரவிருந்த அன்று விடியற்காலையில் மரகதத்துக்கு வலி கண்டது.

வெள்ளைத்தாயி மகளைப் பக்கத்து வீட்டு அழகாத்தாளிடம் விட்டுவிட்டு, ரம்பத்தையும் ஆணிப் பையையும் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு வந்தாள். பெயர்ப்பலகையைப் பிடுங்கிக் கிடத்தினாள். ஊர் ஆண்கள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்கள். பதினேழு கொடிகளும் மல்லிகையும் வரிசையாக அறுபட்டன. இளவட்டம் ஒருவன் தாவிப் போய்ச் சொல்ல, அக்கரையில் பிச்சம்மா பையோடு வந்து, பாலத்தில் ஏறி, இடைவெளியின் ஓரத்தில் காத்து நின்றாள். ஐந்து பலகைகள் அடித்தாயிற்று. ஆறாவதை வைத்தபோது அக்கரையில் பல்லக்கு வந்து நின்றது.

"என்ன அநியாயம் இது!" என்று கோதண்டபாணியார் அலறினார். "இரண்டாம் கட்டம் அனுமதியாகிவிட்டது! ஏழு பலகை இல்லை என்றல்லவா முத்திரை வைத்துக் கொடுத்திருக்கிறேன்!"

"ஐயா, உங்க கால்ல விழறேன். எம்மவ அங்க துடிக்கிறா. அந்தம்மா ஒரு தடவை இந்தப் பக்கம் வந்துட்டாப் போதும். அப்புறம் நீங்க பாலத்தையே பிரிச்சுக்குங்க."

"ஆய்வுப் பொருளில் ஆள் நடமாட்டம் கூடாது. காவலர்களே!"

ஆறு மாதமாக ஒரு பலகையை வைக்கத் தெரியாதவர்கள் ஆறு பலகைகளைக் கண் மூடித் திறப்பதற்குள் பெயர்த்தெடுத்தார்கள். அந்த ஒரு வேலைக்கு யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. ஓலை நிரப்பவில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் பல் நறநறக்கிறது.

வெள்ளைத்தாயி வீட்டுக்கு ஓடினாள். ஊர் மக்கள் வீட்டு வாசலிலிருந்து பாலம்வரை வரிசையாக நின்றார்கள். இடைவெளிக்கு அந்தப் பக்கம், எட்டடி தூரத்தில், பிச்சம்மா கத்தினாள்.

"தல தெரியுதான்னு கேளு!"

வார்த்தை வாய் மாறி வாய் மாறி வீட்டுக்குள் போனது. பதில் வெளியே வந்தது. "தெரியுதாம்!"

"முக்கச் சொல்லு! அவசரப்பட்டு இழுக்காதேன்னு வெள்ளைத்தாயிகிட்டச் சொல்லு!"

கோதண்டபாணியார் இந்த வரிசையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. வித்யாசாகரரின் தோளைப் பற்றினார். "பார்த்தீரா! அறிஞர் இங்கே, குடிமக்கள் அங்கே! பாலமே இல்லாமல் அறிவு ஆற்றைக் கடக்கிறது! எழுத்தரே, ஒரு சொல் விடாமல் எழுதும்!"

உச்சி வேளையில் குழந்தை அழுதது. பெண். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் வீட்டிலிருந்து வேறு செய்தி வந்தது. நஞ்சுக்கொடி வரவில்லை, ரத்தம் நிற்கவில்லை. பிச்சம்மா மருந்துப் பையை எறிந்தாள், வந்து சேர்ந்தது. அடிவயிற்றை அமுக்கச் சொன்னாள், அமுக்கினார்கள். பிறகு அவள் கத்துவதை நிறுத்திவிட்டுக் காவலனின் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இது வாயால சொல்ற வேலை இல்லடா. கைய விட்டு எடுக்கணும். என் கை வேணும்டா அங்க. விடுடா."

அவன் விடவில்லை. அவனுக்கு ஆணை இல்லை. வெயில் சாயும்போது மரகதம் இறந்துபோனாள்.

அறிக்கை பதினேழு மொழிகளில் வெளியானது. 'குடிமக்கள் ஐம்பத்து மூவர் ஒரே நாளில் அறிஞரோடு நேரடியாக ஈடுபட்டனர். பங்கேற்பாளர் எண்ணிக்கை ஒன்று கூடியது' என்று அதில் இருந்தது. ஒன்று குறைந்ததும் உண்டே என்று கேட்க வெள்ளைத்தாயி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு தலைநகர்வரை நடந்தாள். அங்கேயும் பாயா நாற்காலியா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

இத்தனை சிறப்பான முறை ஒரே ஊரோடு நின்றுவிடலாமா? மற்ற ஊர்களுக்கும் பரப்ப வேண்டும் என்று பதினேழு அரசர்களும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். பத்து ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அங்கெல்லாம் பாலங்கள் நல்ல நிலையில் இருந்தது ஒரு சிறு இடையூறு. ஆகவே ஒவ்வொரு பாலத்திலும் முதலில் ஏழு பலகைகளை எடுப்பது என்றும், மக்களைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்றும் ஆணை பிறந்தது.

பத்து ஊர்களிலும் பாய் விரித்தார்கள். பலகைகளை இடப்பக்கத்திலிருந்து எடுப்பதா, வலப்பக்கத்திலிருந்து எடுப்பதா என்று வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் வரிசையில் நின்று அமைதியாக வாக்களித்தார்கள். இடப்பக்கம் வென்றது.