மூச்சக்காவும் ஒரு பதமும்

கடந்த அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு மூச்சக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. திண்டுக்கல் மாவட்டம் முழுவதிலும், மிதித்துவிட்ட மண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நடக்கும் ஒரே மனிதர் அவர்தான்.

எங்கள் மகளிர் விடுதியில் அவர் என் அறைத்தோழி. மண்ணியல் ஆய்வு மாணவி. மண் வெளிவிடும் கரியமில வாயுவை அளப்பதே அவர் ஆய்வு. தரையில் ஒரு வாளியைக் கவிழ்த்து, உள்ளே கிண்ணத்தில் கார நீர் வைப்பார். வாயுவை அந்நீர் மாலைக்குள் உறிஞ்சிக்கொள்ளும். விடுதி முற்றத்தில் யாராவது நின்று பேசினால், "தள்ளி நில்லுங்கடி, அதுக்கு மூச்சு முட்டுது" என்பார். பெயர் அப்படி வந்தது.

ஆடுகள் மிதித்து இறுகிய மண்ணை அளக்க அய்யலூர்ச் சந்தைக்கே வாளியோடு போனார். துணைக்கு நான். ஒரு வியாபாரி குனிந்து வாளியைத் தட்டினார்.

"உள்ள என்னம்மா, குட்டியா? வெல சொல்லு."

"மண்ணுண்ணே. மூச்சு விடுதான்னு பாக்குறேன்."

"செத்துக்கித்துப் போச்சா?"

"இம்புட்டுக் காலு மிதிச்சா நீங்க மூச்சு விடுவீங்களா?"

அவர் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டே இரண்டடி பின்வாங்கினார்.

காய்ச்சல் வந்த அன்றுதான் கடைசி அளவு. முந்தைய இரவு பருவத்தின் முதல் மழை பெய்திருந்தது. ஒட்டன்சத்திரத்தருகே ஒரு தக்காளித் தோட்டத்தில், உழுத பாத்தியையும் டிராக்டர் தடத்தையும் அந்த ஈரத்திலேயே அளக்க வேண்டும். தவறினால் ஆய்வேடு அடுத்த ஆண்டு மழைவரை நிற்கும். இலக்கிய மாணவியான நான் வாளிகளோடு பேருந்து ஏறினேன்.

பதிவேட்டில் மூன்று கட்டங்கள்: நேரம், வெப்பம், பதம். பதம் என்றால் எங்கள் துறையில் சொல். ஆகவே மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்த்து, தகுந்த சொற்களைத் தேடி, இருமுறை அடித்துத் திருத்தி எழுதினேன்.

மாலையில் அக்கா படித்தார். "என்னடி இது, 'பிடித்தால் உருளும், விரல் பட்டால் பொலபொலவென உதிரும்'? பதம்னா ஈரம்டி! நீ பதவுரை எழுதி வச்சிருக்க!"

காய்ச்சலோடு சிரித்தார். உலர்த்தி எடைபோட்டால் ஈரம் தெரிந்துவிடும் என்று, நான் கொண்டுவந்த இரண்டு மண் பொட்டலங்களைத் தேடினோம். அறை கூட்டும் விடுதி ஆயா வாசலில் நின்று சொன்னார்:

"நல்ல மண்ணா கெடந்துச்சு பாப்பா, செம்பருத்தித் தொட்டில கொட்டிட்டேன்."

சிரிப்பு நின்றது. வறண்ட மண் குறைவாக மூச்சுவிடும்; ஈரம் அளவாக இருந்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகி மிகுதியாக விடும்; துளைகளில் நீர் நிரம்பினால் மூச்சு அடைபடும். ஈரம் தெரியாமல் எடுத்த அளவுக்குப் பொருளே இல்லை. அக்கா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

சிறிது நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.

"ஏ புள்ள, அந்த நோட்டக் குடு. தடத்துல என்ன எழுதுன?"

"'களியாய் ஒட்டும், பிழிந்தால் நீர் கசியும்.'"

எழுந்து உட்கார்ந்து, பக்கத்தைப் படமெடுத்துத் தம் பேராசிரியருக்கு அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது. கையால் பிடித்துப் பார்த்து ஈரத்தை மதிப்பிடும் முறை அவர்கள் துறையிலேயே உண்டாம்; மதிப்பீடு என்று குறிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாமாம்.

"இம்புட்டு விவரமா யாரும்மா எழுதுனது?"

"என் ரூம்மேட்டு சார். இலக்கியம் படிக்கிறவ. மண்ணக்கூடப் பிழையில்லாம எழுதுறா."

போனை வைத்தார், என் கையைப் பிடித்தபடியே உறங்கிப்போனார்.

மறுநாள் காலை, மெஸ்ஸில் அவர் பங்கு இட்லியையும் வாங்கி வந்து மூடி வைத்தேன். பத்து மணிவரை எங்கள் அறைக் கதவை ஒருவரையும் தட்ட விடவில்லை.