மூட்டுவலித் தைலமும் கடலோரச் சமநிலையும்

அறிவியல் படித்தவர்களில் இரண்டு வகை உண்டு. சோதனையில் எதிர்பாராத முடிவு வந்தால், எங்கே தப்பு செய்தோம் என்று தேடுபவர்கள் ஒரு வகை. உலகம் இதுவரை அறியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று கண்ணாடி முன்னால் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொள்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. (இப்போது திருந்திவிட்டேன். வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை, அது வேறு விஷயம்.)

எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்த கையோடு மீஞ்சூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் நான்தான். கோட்டை ஆய்வகத்திலேயே கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது விதி. நான் பஸ்ஸிலும் போட்டுக்கொண்டு வருவேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேலாளர் சுகந்தி மேடம் நல்ல வார்த்தை சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை பார்க்கிறவர்களுக்கெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ஒரு மூலிகைத் தைலக் கம்பெனி எங்களிடம் வந்தது. அவர்களுடைய மூட்டுவலித் தைலத்தில் ஒரு பாட்டில் வாங்கினால் வலி ஓடிவிடுகிறது, அடுத்த பாட்டில் விளக்கேற்றத்தான் ஆகிறது என்று புகார். மூலிகை ஊருக்கு ஒரு மாதிரி, மழைக்கு ஒரு மாதிரி வரும். காய்ச்சும் பக்குவமும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒரு பேட்ச் போல இன்னொரு பேட்ச் இருப்பதில்லை. நான்கு பேட்ச்சுகளைச் சோதித்து வித்தியாசம் எவ்வளவு என்றும், வீட்டில் திறந்து வைத்துப் பயன்படுத்தினால் அது கூடுகிறதா குறைகிறதா என்றும் நாங்கள் சொல்ல வேண்டும். சீல் உடைக்காத பாட்டில்களை மேடம் சோதிப்பார். மற்றவற்றை வீடுகளில் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து மிச்சத்தை வாங்கிவந்து சோதிப்பது என் வேலை.

எந்த வீடுகளில் கொடுப்பது என்ற பேச்சு வந்ததுமே நான் கையைத் தூக்கிவிட்டேன். வலை இழுத்துத் தோளும், தண்ணீரில் நின்று முட்டியும் போன ஆட்கள் எங்கள் குப்பத்தைவிட வேறெங்கே கிடைப்பார்கள்?

வீட்டுக்கு ஒரு பாட்டிலாகக் கொடுத்தேன். பாட்டிலின் மேல் எண் மட்டும் ஒட்டியிருந்தது. யாருக்கு எந்த பேட்ச் என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. பாதி பாட்டில் மிச்சம் வைக்க வேண்டும், வேறு எதையும் கலந்துவிடக் கூடாது என்று நைனாவிடம் சொல்லி (எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம்) பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் விட்டேன். பொறுப்பு கொடுத்தால் நைனாவுக்குப் பிடிக்கும். ஊரில் எந்தப் பஞ்சாயத்து நடந்தாலும் கூப்பிடாமலே போய் நடுவில் உட்காருகிறவர் அவர்.

ஒரு மாதம் கழித்து எல்லாப் பாட்டில்களும் சொன்னபடி பாதிக்குக் குறையாமல் திரும்பி வந்தன. எங்கள் ஊர் ஆட்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

தைலத்தைச் செலுத்தினால் எங்கள் கருவி தாளில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரைந்து தரும். எந்தச் சத்து எவ்வளவு என்பதை மேட்டின் உயரம் சொல்லும். மேடம் சோதித்த சீல் பாட்டில்களில் நான்கு பேட்ச்சுக்கும் நான்கு விதமான கோடு. எல்லாம் ஒரே கம்பெனித் தைலம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. குப்பத்திலிருந்து வந்தவற்றில் எல்லாப் பாட்டிலுக்கும் ஒரே கோடு. மயிரிழை வித்தியாசம் இல்லை.

மேடம் மறுபடி செய்யச் சொன்னார். செய்தேன். அதே கோடு. ஊரில் விசாரிக்கச் சொன்னார். நைனாவுக்குப் போன் போட்டு, தைலத்தில் யாராவது ஏதாவது கலந்தார்களா என்று கேட்டேன்.

"வெளிச்சரக்கு ஒரு சொட்டு சேக்கலம்மா. கங்கையம்மா மேல ஆணையா" என்றார்.

நைனா பொய் சொல்ல மாட்டார். ஆகவே நான் ஏதோ கண்டுபிடித்திருக்கிறேன் என்று முடிவாயிற்று. உப்புக்காற்றும் ஏரியின் ஈரமும் சேர்ந்து மூலிகைச் சத்துகளைத் தாமாகவே ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அதற்குக் கடலோரச் சமநிலை என்று பெயரும் வைத்தேன். (பெயருக்கு முன்னால் என் பெயரையும் சேர்ப்பதற்கு இடம் விட்டிருந்தேன்.) மேடம் புருவத்தைச் சுருக்கினார். ஆனால் கம்பெனி முதலாளி வந்திருந்த கூட்டத்தில், யாரும் கேட்காமலே எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். இத்தனை வருஷமாகத் தொழிற்சாலையில் வராத சீர் ஏரிக்கரையில் சும்மா வருகிறதென்றால் கோடவுனை அங்கேயே கட்டிவிடலாமே என்றார். இந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள் என்று மேடத்திடம் சொன்னார். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அங்கிருந்தபடியே அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

அடுத்த வாரமே முதலாளி இடம் பார்க்கக் காரில் கிளம்பினார். மேடமும் நானும் உடன் போனோம். வீட்டில் இறால் வறுவல், நண்டுக் குழம்பு என்று தடபுடல். சாப்பிட்டுக் கை கழுவிய முதலாளி, பாட்டில்களை வெயிலில் வைத்தீர்களா நிழலில் வைத்தீர்களா என்று நைனாவிடம் கேட்டார்.

"எங்க வெச்சா இன்னா சார்? அதான் எல்லாத்தையும் ஒண்ணா ஊத்திட்டமே" என்றார் நைனா.

பிறகு விவரமாகச் சொன்னார். பாட்டில் கொடுத்த மறுநாளே எதிர்வீட்டு தேசம்மா அத்தை பக்கத்து வீட்டுத் தைலத்தைப் பார்த்துவிட்டாள். அவர்களுடையது கரும்பச்சையாகக் கெட்டியாக இருக்க, தன்னுடையது மட்டும் மஞ்சளாகத் தண்ணீர் மாதிரி இருப்பானேன் என்று ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் குப்பம் இரண்டுபட்டுவிட்டது. ஏரியில் நல்ல மீன் விழும் இடத்தை எங்கள் ஊரில் யாரும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. முறை வைத்து, ஆள் மாற்றி ஆள் வலை போடுவோம். அதற்குப் பாடு என்று பெயர். முதலில் தைலத்துக்கும் பாடு வைத்துப் பார்த்தார்களாம். இன்றைக்கு உன் வீட்டில் பச்சை, நாளைக்கு என் வீட்டில். ஆனால் முட்டிவலி முறை பார்த்து வருவதில்லை. கடைசியில் நைனா நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் காய்ச்சும் அண்டாவைக் கொண்டுவந்து, எல்லாத் தைலத்தையும் அதில் ஊற்றிக் கலக்கி, கரண்டியால் அளந்து பாட்டில்களில் திரும்ப நிரப்பினார்கள்.

பாடு என்றால் என்னவென்று தெரியாதவள் இல்லை நான். அந்தச் சோற்றில்தான் எம்.எஸ்ஸி. படித்தேன். ஒரே ஊருக்குள் ஆளுக்கொரு தரத்தில் மருந்தைக் கொடுத்துவிட்டு, எல்லாரும் அவரவர் பாட்டிலோடு அமைதியாக இருப்பார்கள் என்று நம்பியவளும் நான்தான். அந்த நேரம் பார்த்து அம்மா, என் வேலையை நிரந்தரமாக்கியதற்கு மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்ல ஆரம்பித்தாள்.

முதலாளி மட்டும் ஏதோ யோசனையில் இருந்தார். எவ்வளவு நேரம் கலக்கினீர்கள் என்று கேட்டார்.

"கை வலிக்கிற வரிக்கும் சார். வலிச்சா அதுலயே தொட்டுத் தடவிக்கினோம்."

திரும்பும்போது காட்டூர் தாண்டியதும் மேடம், "ஏதாவது கலந்தீங்களான்னு கேட்ட. என்ன பண்ணீங்கன்னு கேட்டியா?" என்றார். தகுதிகாண் காலம் இன்னும் ஒரு வருஷம் நீண்டது. அதுவரை கருவிப் பக்கம் போகாமல் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினேன். விரட்டிவிடாமல் வைத்துக்கொண்டாரே என்று மேடத்தின் மேல் இன்றைக்கும் எனக்கு நன்றி உண்டு.

அந்த வருஷம் ஆடிக் கூழில் தைல வாசனை அடித்தது. எல்லார் சொம்பிலும் ஒரே அளவு அடித்ததால் யாரும் குறை சொல்லவில்லை. முதலாளி ஊருக்குப் போனதும் பெரிய தொட்டி ஒன்று வாங்கி, எல்லா பேட்ச்சையும் அதில் ஊற்றிக் கலந்தே பாட்டிலில் அடைக்க ஆரம்பித்தார். புகார் நின்றுவிட்டது. எங்கள் ஆய்வகத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். இருவரின் வீட்டுப்பாடத்திலும் ஒரே கணக்கு ஒரே மாதிரி தப்பாக இருந்தால், யார் யாரைப் பார்த்து எழுதியது என்று என் கணவர் விசாரிப்பதில்லை. "கடலோரச் சமநிலை" என்று என் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு நோட்டை மூடிவிடுவார்.

போன மாதம் அதே தைலத்தில் இரண்டு பாட்டில் வாங்கி, ஆசைக்குச் சோதித்துப் பார்த்தேன். கோடு இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. தொட்டிக்குள் எதை ஊற்றினாலும் வெளியே தெரியாது என்று அங்கே யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். நைனாவிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"முன்னல்லாம் ஒரு பாட்டிலு கேக்கும், ஒரு பாட்டிலு கேக்காது. இப்ப ஒருத்தனுக்கும் கேக்க மாட்டேங்குது" என்றார் முட்டியைத் தடவிக்கொண்டே. "ஆனா பாரு, சண்டன்னு ஒருத்தன் வர்ல."