தகரத்துக்கு மேல புல்லு

வறுமையை எப்படி ஒழிக்கிறதுன்னு கண்டுபிடிக்க எங்க சியாயா பக்கம் ஒரு ஆராய்ச்சி ஆபீஸ் வந்துச்சு. புல்லுக் கூரை வீடா பார்த்து சீட்டு குலுக்கினாங்க. பாதிப் பேருக்குத் தகரம். மீதிப் பேருக்கு ‘ஒப்பீட்டுக் குடும்பம்’னு பட்டம். அதாவது ஆய்வு முடியிற வரைக்கும் ஒண்ணும் கிடையாது, முடிஞ்சப்புறம்தான் தகரம். எப்படிக் கஷ்டப்படுறீங்கன்னு வருஷா வருஷம் வந்து எழுதிக்குவாங்க. அதுக்கு ஒரு சோப்பு.

அகோத் அக்காவுக்குப் பட்டம்தான் விழுந்துச்சு. மழை வந்தா மூணு பிள்ளைங்களோட ஒரே மூலையில நிக்கும். சின்னதுக்கு நெஞ்சுச் சளி. அக்கா ரெண்டு வருஷம் ஏரிக்கரையில ஒமேனா மீன் வறுத்து வித்துச்சு. பெருமழைக்கு முன்னாடி தானே தகரம் வாங்கிப் போட்டுடுச்சு.

கள அலுவலர் கரியுகி சாரை என் பைக்லதான் ஏத்திட்டுப் போனேன். கூரையைப் பார்த்ததும் மனுஷன் மூஞ்சி செத்துப்போச்சு.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?”

“ஏன் சார், திருடியா போட்டேன்?”

“திருடியிருந்தாக்கூட எழுதிக்கலாம், படிவத்துல அதுக்குக் கேள்வி இருக்கு. தானா முன்னேறினா எழுத எங்கிட்ட கட்டமே இல்லையே! டிசம்பர் வரைக்கும் நீங்க ஏழையா இருந்தே ஆகணும். கழட்டுங்க.”

“பிள்ளை இருமிச் செத்தா கட்டம் இருக்கா?”

“இருக்கு. பதினாலாம் பக்கம்.”

அக்கா மீன் கரண்டியைத் தூக்கிடுச்சு. “கூரையில கைய வெய்யி, உன்னையே வறுத்துடுறேன்!”

சார் ரெண்டடி பின்னால போய் நின்னு யோசிச்சார். ஆய்வின் நேர்மையைக் காப்பாத்தியாகணும், வெள்ளிக்கிழமை வெளிநாட்டுப் பேராசிரியர் வேற வர்றார். ஆகவே தகரத்துக்கு மேல புல்லு வேயணும், உள்பக்கம் தகரம் தெரியாம பாய் அடிக்கணும்னு ஆணை போட்டார். ஊரே ஏறி வேய்ஞ்சோம். ஆளுக்கு ஒரு சோடா.

வெள்ளிக்கிழமை பேய்மழை. பேராசிரியர் அக்கா வீட்டுக்குள்ள அரைமணி நேரம் நின்னார். சட்டையில ஒரு பொட்டு ஈரம் இல்ல.

“இந்தக் குடும்பத்துக்கு என்ன குடுத்தீங்க?”

“சத்தியமா ஒண்ணும் குடுக்கல சார்,” கரியுகி சார் சொன்னார். வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து அவர் சொன்ன சுத்தமான உண்மை அது ஒண்ணுதான்.

அறிக்கை வந்துச்சு. புல்லுக் கூரையே போதுமானது, ஒண்ணுமே குடுக்காத வீடுதான் நல்லா இருக்கு, ஆகவே ஒண்ணும் குடுக்காத திட்டத்தை மாவட்டம் முழுக்க விரிவுபடுத்தலாம்னு. ஆய்வு முடிஞ்சு அடுத்த மாசம் பட்டம் வாங்கின எங்களுக்கு வரவேண்டிய தகரம் நின்னுபோச்சு.

எல்லாரும் நனைஞ்சுக்கிட்டே அக்கா வாசல்ல போய்க் கத்தினோம். “உன் ஒருத்தியாலதான் ஊருக்கே தகரம் போச்சு!”

அக்கா உள்ள இருந்தபடியே எங்களை மேலும் கீழும் பார்த்துச்சு.

“நல்லாத்தான்டா வேய்ஞ்சீங்க,” அது சொல்லுச்சு. “வெளிநாட்டுக்காரனால கண்டுபிடிக்கவே முடியல.”