கொஞ்சம் குடு, இந்த ஒரு இடம் மட்டும்

இரும்புக் கோட்டையின் டிராகன், இரண்டு முறை. தண்ணீருக்கடியில் ஏழு கதவுகள், ஏழாவது கதவுக்குச் சாவியே இல்லாமல். உடைந்த பாலம், ஒரே ஒரு உயிர் மிச்சமிருக்க, கடிகாரத்தில் ஒன்பது நொடி பாக்கி. எலும்புக்கூட்டு ராஜா, அதுவும் அம்மா "சாப்பாடு ஆறுது, நீங்களா அணைக்கிறீங்களா, நான் வந்து அணைக்கவா?" என்று படியிறங்கி வந்துகொண்டிருக்கும்போதே. இத்தனையையும் என் தம்பி வெல்டன் 1987 நவம்பருக்கும் 1988 மார்ச்சுக்கும் நடுவில், அமெரிக்காவின் டூலூத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில், பழுப்புக் கம்பளத்தின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து வென்றான். அப்போது அவனுக்கு வயது ஐந்தரை. ஷூ லேஸ் கட்டத் தெரியாது.

நான் அவன் அக்கா. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. நான் வாள் வீரன். அவன் வீரனின் தலைக்குமேல் பறந்து எதிரிகளைக் கொத்தும் வௌவால். வீடியோ கேம் பெட்டியை அணைத்தால் புள்ளிப் பட்டியல் அழிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு ஆட்டத்தையும் தேதி போட்டு ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைத்தேன். நோட்டு இன்னும் இருக்கிறது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஏறின தலைகளும் இறங்கின தலைகளும் சரியாக வராமல் ஒருநாளும் வண்டியைப் பூட்டினதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது வெல்டனைப் பற்றி மட்டும் அல்ல. அவன் ஓர் இனம். பழைய கேம் சிபாரிசுக்காரர் என்பது அந்த இனத்தின் பெயர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நீங்கள் தப்பித்து ஓடும்போது பார்த்திருப்பீர்கள்.

அடையாளம் காண்பது சுலபம். அவரிடம் "எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். நீங்களும் நானுமாக இருந்தால் மருந்து சொல்வோம். அவர் கண்கள் மெல்ல அகலும், நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்துப் போடுவார், "அப்போ நீ அவசியம் ஒண்ணு ஆடணும்" என்பார். வேலை போய்விட்டதா, அதற்கு ஒரு கேம். விவாகரத்தா, அதற்கு இரண்டு. காலில் கட்டுப் போட்டிருக்கிறதா? வாழ்த்துகள், உங்களுக்கு ஆறு வாரம் கிடைத்திருக்கிறது, அவர் மாலையே பையோடு வருகிறார்.

"முதல் ஆறு மணி நேரம் கொஞ்சம் மெதுவாத்தான் போகும். பொறுத்துக்கோ. அப்புறம் பாரு."

ஆறு மணி நேரம்! ஆறு மணி நேரத்தில் நான் பனியில் மூன்று முறை மாவட்டத்தைச் சுற்றி வந்துவிடுவேன். ஆனால் இந்த இனத்துக்கு அது முன்னுரை. "நான் எதுவும் சொல்லமாட்டேன், நீயே ஆடிப் பாரு" என்று தொடங்கி, கதாநாயகனின் அப்பா யார், அந்தக் கிழவன் ஏன் கிணற்றுக்குள் இருக்கிறான், கடைசியில் யார் சாகிறார்கள் என்பது வரைக்கும் சொல்லிவிட்டு, "இதுக்கு மேல சொன்னா சுவாரசியம் போயிடும்" என்று நிறுத்துவார்.

புதிய கேம்கள் அவருக்குப் பிடிக்காது என்று நினைக்காதீர்கள். அவற்றின்மேல் அவருக்கு இரக்கம் உண்டு. "இப்போ வர்றதுல மரத்துல இலை இலையா தெரியுது. சரி. தெரிஞ்சு?" என்பான் வெல்டன். அவன் காலத்து மரம் மூன்று பச்சைக் கட்டம். அதன் நிழலில் அவன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான்.

தட்டை டிவியில் பழைய கேம் ஆடுவது அவர்கள் மதத்தில் பாவம். முதுகு புடைத்த பழைய டிவிதான் வேண்டும். வெல்டனின் கீழ்த்தளத்தில் இருப்பதை இறக்க மூன்று பேர் ஆனது. அதில் ஒருவர் பிறகு எங்களோடு பேசவில்லை. அதை மேலே ஏற்ற யாராலும் முடியாது. எனவே வெல்டன் அந்த வீட்டைவிட்டுப் போகவும் முடியாது. டிவி இருக்கும் இடத்தில் அவன் குடியிருக்கிறான்.

கேம் கேசட்டை எடுத்ததும் ஊத வேண்டும். ஊதக்கூடாது என்று கேசட்டின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது, ஊதினால் எச்சில் ஈரத்தில் செம்பு கறுத்துப்போகும் என்று வெல்டனுக்கே தெரியும். அவன் தொழில் வீட்டு ஹீட்டர் பழுது பார்ப்பது. ஈரம் உலோகத்தை என்ன செய்யும் என்று வாடிக்கையாளர்களுக்குப் பாடம் எடுக்கிறவன். இருந்தாலும் ஊதுவான். இரண்டு குட்டை ஊதல், ஒரு நெட்டை ஊதல். வேறு யாராவது ஊதினால் முகம் சுளிப்பான்.

ஹீட்டர் என்றதும் திருமதி ஆஸ்ட்பியைச் சொல்ல வேண்டும். எண்பத்தொரு வயது. ஜனவரியில் ஹீட்டர் நின்று, கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து இவனைக் கூப்பிட்டாள். இருபது நிமிடத்தில் ஹீட்டர் ஓடியது. வெல்டன் இரண்டு மணி நேரம் கழித்துக் கிளம்பினான். இப்போது அவளிடம் ஒரு கேம் பெட்டி இருக்கிறது. சூடாகும் என்பதால் அதன்மேல் பூனை படுத்துக்கொள்கிறது. வெல்டன் கேட்கும்போதெல்லாம் "தினமும் உபயோகமா இருக்குப்பா" என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை.

எல்லோருக்கும் அந்தச் சாமர்த்தியம் வராது. வெல்டனின் சிநேகிதன் கோர்டி ஒரு கேசட்டை மூன்று வருடம் வைத்திருந்து, உறை பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தான்.

"ஆடிட்டியாடா?"

"ஆடாம? செம கேம்டா."

"கடைசியில அந்தத் தவளை பேசுச்சே, அழுதியா?"

"அழுதியாவா? கண்ணத் தொடச்சிக்கிட்டேதான்டா ஆடினேன்."

"அதுல தவளையே கிடையாதுடா கோர்டி."

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். பொறுக்க முடியாத வழக்கம் ஒன்றுதான், அதுதான் இந்த இனத்தின் முத்திரை. உங்களைக் கெஞ்சி உட்காரவைத்து, கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, நீங்கள் இரண்டு முறை பள்ளத்தில் விழுந்ததும், அவர் உடம்பு முழுக்க உங்கள் பக்கம் சாயும். விரல்கள் காற்றில் துடிக்கும். அப்புறம் அந்த வாக்கியம்: "கொஞ்சம் குடு, இந்த ஒரு இடம் மட்டும்." நீங்கள் கொடுத்துவிடுவீர்கள். திரும்ப வராது. இரண்டு மணி நேரம் கழித்து அவர் டிராகனைக் கொன்றுவிட்டு, கண் கலங்க உங்களைப் பார்த்துக் கேட்பார்: "எப்படி இருந்துச்சு உனக்கு?"

வெல்டன் இப்படி இரண்டு பெண்களை இழந்தான். இருவரும் போனது மூன்றாம் கட்டத்தில், உடைந்த பாலத்தின் மேல். கடைசியாகப் போனவள் பெக்கி.

மூன்றாவதாக ஆர்லா வந்தாள். மாவட்டத்துக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். நிதானமான கை, குறைவான பேச்சு. எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. 2014 நவம்பரில் ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தாள். வெல்டன் மோதிரம் வாங்கி, அதை ஒரு காலிக் கேசட் டப்பாவுக்குள் வைத்திருந்தான். அவள் இரும்புக் கோட்டையை ஆடி முடித்ததும் கொடுப்பதாக ஏற்பாடு. வேறு யாருக்காவது இப்படி ஓர் ஏற்பாடு தோன்றுமா?

அடுப்பில் மாட்டுக் கறியின்மேல் உருளைக்கிழங்கு வில்லைகள் பொரிந்துகொண்டிருந்தபோது அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய், இன்னிக்கு அவ கையிலேர்ந்து புடுங்கினே, மோதிரத்த நீயே மாட்டிக்க வேண்டியதுதான்."

"புடுங்கமாட்டேன்க்கா. சத்தியமா."

"பெக்கி வந்தப்பவும் இதேதான் சொன்னே."

"பெக்கி தப்பான பக்கம் குதிச்சாக்கா! அந்தப் பக்கம் யாராச்சும் குதிப்பாங்களா?"

"பாத்தியா? ஏழு வருஷமாச்சு. இன்னும் அவ எந்தப் பக்கம் குதிச்சான்னுதான் நெனப்பிருக்கு."

சாப்பாட்டின்போது ஆர்லா, யாரும் கேட்காமலே, தன் முதல் கல்யாணத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "நான் ஓட்டும்போது ஸ்டீயரிங்ல கை வைப்பான். அதான் அவன் இப்போ முன்னாள் புருஷன்." இன்னும் கொஞ்சம் கறி போட்டுக்கொண்டாள். நான் வெல்டனைப் பார்த்தேன். வெல்டன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே இறங்கினோம். இரண்டு குட்டை ஊதல், ஒரு நெட்டை. ஆர்லா கம்பளத்தில் உட்கார்ந்தாள், பக்கத்தில் வெல்டன், பின்னால் சோபாவில் நான். முதல் கட்டம் தாண்டினாள். இரண்டாவதில் ஏழு கதவுகளையும் நிதானமாகத் திறந்தாள். வெல்டன் தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். வந்தது பாலம். விழுந்தாள். மறுபடி விழுந்தாள். வெல்டனின் வலது கை தொடைக்கடியிலிருந்து தானாக வெளியே வந்தது.

"ஆர்லா," என்றான். "கொஞ்சம்..."

இருபது வருடம் பேருந்து ஓட்டினவளுக்கு, குழந்தை தெருவில் கால் வைக்கும் முன்பே பிரேக்கில் கால் போய்விடும். எழுந்து அலமாரியைத் திறந்தேன். இரண்டாவது கன்ட்ரோலர் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். வயரின் நுனியைப் பெட்டியில் செருகாமல் கம்பளத்துக்கடியில் தள்ளிவிட்டு, அதை அவன் கையில் திணித்தேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருன்னுதானே சொல்ல வந்தே? அவளே உக்காந்துப்பா. இந்தா, நீ வௌவாலப் பாத்துக்கோ."

அவன் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "ஆர்லா, மேல பறக்குது பாரு, அதான் நான்! நான் சின்ன வயசுல வௌவால்லயே டிராகனக் கொன்னவன்!"

விரல்கள் பரபரவென்று பொத்தான்களில் ஓடின. வௌவால் மேலே போனது, கீழே வந்தது, ஒரு எலும்புக்கூட்டைக் கொத்தியது. வெல்டன் இடது பக்கம் சாய்ந்தான். வௌவால் வலது பக்கம் போனது.

அவன் கை நின்றது.

என் தம்பியின் தொழிலே வயரைப் பிடித்துக்கொண்டு போவதுதான். எந்தச் சுவருக்குள் போனாலும் அது எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்துவிடுவான். இப்போது அவன் கண்கள் கன்ட்ரோலரிலிருந்து வயர் வழியாக மெல்லப் போய், கம்பளத்தின் ஓரத்தில் நின்றன. அப்புறம் என்னைப் பார்த்தான். முப்பத்திரண்டு வயது முகத்தில் ஐந்தரை வயதுக் கண்கள். பாலத்தின் மேல் ஆர்லா மூன்றாவது முறையாக நின்றுகொண்டிருந்தாள், ஓர் உயிர்தான் மிச்சம்.

இப்போது அவன் கத்தியிருக்கலாம். கையில் இருந்ததை வீசிவிட்டு அவள் கையில் இருப்பதைப் பிடுங்கியிருக்கலாம். வெல்டன் திரும்பி உட்கார்ந்து, முன்னைவிட மும்முரமாகப் பொத்தான்களை அமுக்கத் தொடங்கினான்.

"வௌவால் சரியாப் பறக்குதா ஆர்லா?"

"நல்லாத்தான் பறக்குது. வாய மூடிட்டு ஓட்டு."

அவள் குதித்தாள். பெக்கி குதித்த அதே பக்கம். தாண்டிவிட்டாள்! அந்தப் பக்கம் குதித்தால் இன்னும் சுருக்கமாகப் போகலாம் என்று இருபத்தேழு வருடமாக எங்கள் இருவருக்குமே தெரியாது. டிராகன் செத்ததும் வெல்டன் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இதுவும் ஒரு சிபாரிசுதான்."

அவள் திறந்து பார்த்தாள். "இதுவும் முதல் ஆறு மணி நேரம் மெதுவாப் போகுமா?"

"முதல் ஆறு வருஷம்."

"நான் கோர்டி இல்ல," என்றாள் ஆர்லா, விரலில் மாட்டிக்கொண்டே. "திருப்பிக் குடுக்கமாட்டேன்."

அவள் லாரிக்குக் கிளம்பிப் போனதும் வெல்டன் சமையலறைக்கு வந்தான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா. அந்த டிராகன்?"

"நான்தான். வௌவால் தானாவே பறக்கும்டா."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

"எலும்புக்கூட்டு ராஜா?"

"டேய், நீ அப்போ கன்ட்ரோலரத் தலகீழாப் புடிச்சிருந்தே."

அவன் ஒரு தட்டை எடுத்துத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த தட்டு. "அப்போ நான் எதுவுமே..."

அவன் முடிப்பதற்குள் உங்களிடம் ஒரு வார்த்தை. இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், நல்லது. ஆனால் உங்களுக்கும் பிடித்த ஒன்று இருக்கும்: ஒரு கேம், ஒரு ஹோட்டல், ஒரு மலைப்பாதை. யாரையாவது "ஒரு தடவை போய்ப் பாரு" என்று அனுப்பிவிட்டு, போதாதென்று கூடவே போயிருப்பீர்கள். அவர் கையிலிருந்ததை வாங்கி, எப்படி என்று நீங்களே காட்டியிருப்பீர்கள். அப்போது உங்களுக்கு யாராவது அன்பாக, சிரித்த முகத்தோடு, பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுத்தார்களா? நீங்கள் அமுக்க அமுக்க எல்லாம் நன்றாகவே நடந்ததா? வயரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். இல்லை, வேண்டாம். ஆட்டம் முடியட்டும்.

வெல்டன் கையில் இன்னும் அந்தத் தட்டுதான் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய் நோட்டை எடுத்துவந்தேன். முதல் முப்பத்தெட்டுப் பக்கம் என் கையெழுத்து. அவன் பெயரையும் நானே எழுதியிருந்தேன். முப்பத்தொன்பதாவது பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். அன்று பனியில் வழுக்கி எனக்கு வலது கை உளுக்கியிருந்தது, முதல் கன்ட்ரோலரை அவனிடம் கொடுத்தேன். அவன் தனியாக ஆடினான். பத்துப் பேர் பட்டியலில் பத்தாவது இடம், 340 புள்ளி. என்னால் பென்சில் பிடிக்க முடியாததால் அவனே எழுதினான். ஆங்கிலத்தில் அவன் பெயரின் இரண்டாவது எழுத்தான E-க்கு மூன்று பல் போதும். அவன் ஐந்து போட்டிருந்தான். பக்கத்தில் தேதியை நான் இடது கையால் கோணல்மாணலாகக் குறித்திருந்தேன்: 1988 மார்ச் 12, சனிக்கிழமை.